காலியான இடம்

சத்தியவேடு ஆந்திராவோடு சேர்ந்தபோது நான் அங்கே அரசாங்க ஆஸ்பத்திரியில் நர்ஸ். கணவர் பொன்னேரியில் வாத்தியார். எல்லை மாறியதும் அவர் மெட்ராஸ் சர்க்கார், நான் ஆந்திர சர்க்கார் என்று ஆகிவிட்டது. கொஞ்ச நாளில் என்னைத் திருப்பதிக்கு மாற்றினார்கள். இரண்டு வயது நிரம்பாத மகளைத் தூக்கிக்கொண்டு தனியாகப் போனேன். இரு வீட்டிலும் குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை.

அலிபிரிக்குப் போகும் வழியில் ஓர் அறை கிடைத்தது. பக்கத்துத் தெருவில் ஒரு பெண், வேலைக்குப் போகிறவர்களின் பிள்ளைகளை வைத்துக்கொள்கிறாள் என்றார்கள். விசாரிக்க ஒரு மத்தியானம் போனேன். பாயில் வரிசையாகக் குழந்தைகள் தூங்கின. கதவை நான் தடாலென்று திறந்தும் ஒன்றுகூட அசையவில்லை. ஒரு குழந்தையின் இமையைத் தூக்கிப் பார்த்தேன். கண்மணி ஊசிமுனையாகச் சுருங்கியிருந்தது.

“இன்னாம்மா குடுத்த இதுங்களுக்கு?”

“கொஞ்சூண்டு அபின். இல்லாட்டி இத்தினி புள்ளைங்கள எப்படி சமாளிக்கிறது? பெத்தவங்களுக்கும் தெரியும்.”

சுகாதார அதிகாரியிடம் போய்ச் சொன்னேன். பார்க்கிறேன் என்றார். சர்க்கார் லைசென்ஸ் உள்ள இடம் எது என்று அவரிடமே கேட்டேன். ஊர் முழுக்க ஒன்றே ஒன்றுதான் இருந்தது, மாதர் சங்கத்தார் நடத்திய காப்பகம். சுத்தமான கூடம், கொதிக்கவைத்த தண்ணீர், வாரம் ஒருமுறை டாக்டர். நடத்திய அம்மாள் கையை விரித்தார். “காலி லேதம்மா.” லைசென்ஸில் எழுதியதற்கு மேல் ஒரு பிள்ளைகூடச் சேர்க்க முடியாதாம். பேரை மட்டும் எழுதிக்கொண்டார்.

மகளை வார்டிலேயே, துணி அடுக்கும் அறையில் உட்கார வைத்து வேலை பார்த்தேன். மேட்ரன் தினமும் திட்டினார். அந்த வாரம் நிமோனியா கண்ட ஒரு பையனைக் கொண்டுவந்தார்கள். அவன் அம்மா ஒரு சத்திரத்தில் பெருக்குகிறவள். ஊசி போட்டோம், ஆக்சிஜன் வைத்தோம். விடியும் முன் இறந்துவிட்டான். அவள் அழவில்லை. அவன் சட்டைக்குப் பொத்தானைப் போட்டுவிட்டு, தூக்கிக்கொண்டு போனாள்.

அடுத்த வாரம் காப்பகத்திலிருந்து ஆள் வந்தது, இடம் இருக்கிறது என்று. ஓடினேன். எப்படிக் காலியாயிற்று என்று கேட்டேன். “ஒக பாபு போயாடு” என்றார் அந்த அம்மாள், ஒரு பையன் போய்விட்டான் என்று. யாரோ ஊருக்குப் போய்விட்டார்கள் என்று எடுத்துக்கொண்டேன். சந்தோஷத்தில் வேறெதுவும் தோன்றவில்லை.

சில நாள் கழித்து, சாயங்காலம் மகளைக் கூட்டிவரப் போனபோது வாசலில் நிமோனியாவில் இறந்த பையனின் அம்மா நின்றாள். அவளைப் பார்த்ததும்தான் ‘போயாடு’ என்றதன் அர்த்தம் எனக்குப் புரிந்தது.

“நீதான ஊசி போட்ட நர்ஸம்மா? இது உன் பொண்ணா?”

“ஆமா.”

“எங்க படுக்க வைக்கிறாங்க?”

“ஜன்னல் பக்கம்.”

“என் புள்ளயும் அங்கதான் படுப்பான்னு சொல்லிக்கினு இருப்பாங்க. வேலைக்கு நேரமாய்டும்னு வாசல்லயே விட்டுட்டுப் பூடுவேன். ஒரு நாளும் உள்ள போய்ப் பாத்ததில்ல.”

பெற்றவர்களைத் தவிர யாரும் உள்ளே வரக்கூடாது என்பது அங்கே சட்டம். நான் அவள் கையைப் பிடித்து உள்ளே அழைத்துப் போனேன். நடத்துகிற அம்மாள் பார்த்துவிட்டு வழிவிட்டார். ஜன்னலுக்குக் கீழே பாய் விரித்தபடி கிடந்தது. அவள் அதன் ஓரத்தில் உட்கார்ந்து ஜன்னலை அண்ணாந்து பார்த்தாள். வெளியே ஒரு வேப்பங்கிளையும் கொஞ்சம் வானமும் தெரிந்தன.

“காத்து நல்லா வருது” என்றாள். பிறகுதான் அழுதாள். என் மகள் பயந்துபோய் என் புடவையைப் பிடித்துக்கொண்டாள்.

அதற்கப்புறம் அவள் வரவில்லை. சத்திரத்தில் விசாரித்தேன், வரதய்யபாளையத்திலிருக்கும் தன் அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டாளாம். என் மகள் பள்ளிக்கூடம் போகும்வரை அந்த ஜன்னலடியில்தான் தூங்கினாள். அவளுக்கு அங்கே ஒரு குறையும் இருந்ததில்லை.