பெண் பார்க்க வந்த இடத்தில் யுத்தம்

என்னைப் பெண் பார்க்க வந்த அன்று எங்கள் வீட்டில் என்னைத் தவிர எல்லாவற்றையும் பேசினார்கள். முக்கியமாக, யுத்தம் எதனால் வந்தது என்று பேசினார்கள்.

மாப்பிள்ளை யாழ்ப்பாணத்துக்காரர். பதுளையில் நான் சரித்திரம் படிப்பிக்கும் அதே பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். நாங்கள் விரும்பியது ஊருக்கே தெரியும். ஆனால் அவருடைய அப்பா, "பாத்திட்டுத்தான் சொல்லுவன்" என்று சொல்லிவிட்டு பஸ் ஏறியிருந்தார். தேயிலைத் தோட்டத்துப் பெண் வேண்டாமென்று உறவுக்காரர்கள் அவர் காதைக் கடித்திருந்தார்கள். அது என் அம்மாவுக்கும் எட்டியிருந்தது. விடிந்ததிலிருந்து அவளுக்கு அடுப்படியே கதி.

எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. சம்பந்தம் பேச வருகிறவர்கள் டீ குடிக்கலாம், முறுக்குத் தின்னலாம். சோற்றில் கை நனைத்தால் மட்டும் சம்மதம் என்று அர்த்தம். அம்மா எதற்கும் இருக்கட்டும் என்று கோழிக் குழம்பு வைத்து மூடியிருந்தாள்.

பேச்சு ஒழுங்காகத்தான் ஆரம்பித்தது. நமுனுகுல பக்கத்து மழை, பஸ் பயணம், மரக்கறி விலை. பிறகு மாப்பிள்ளையின் அப்பா, "யுத்தம் இஞ்சால வரேல்லைத்தானே. நீங்கள் தப்பிட்டீங்கள்" என்றார். நல்ல மனதோடுதான் சொன்னார். அப்பாவுக்குச் சுருக்கென்று தைத்துவிட்டது.

"வரலையா? எண்பத்திமூணு கலவரத்துல இந்த டவுனு எரிஞ்சது தெரியாதாங்க?"

"அது தெரியும். நான் சொல்லுறது, எல்லாம் அம்பத்தாறில துவங்கினது. சிங்களம் மட்டும் எண்டு சட்டம் வந்த பிறகுதான் எங்கட அய்யா அரசாங்க வேலையை விட்டவர்."

"அம்பத்தாறெல்லாம் ரொம்பப் பிந்திங்க. நாப்பத்தெட்டுல எங்க தோட்டத்து ஆளுங்களோட பிரஜாவுரிமையப் புடுங்குனாங்களே, அங்கேருந்து எண்ணுங்க. எங்கப்பா எந்த நாட்டுக்காரனும் இல்லாமலே செத்தாரு."

எனக்குப் பயம் ஒரு பக்கம், ஆர்வம் ஒரு பக்கம். வகுப்பில் யுத்தத்தின் காரணங்களைக் கரும்பலகையில் வரிசையாக எழுதிப் போடுகிறவள் நான். இங்கே இரண்டு பேரும் தங்கள் தங்கள் அப்பாவிலிருந்து ஆரம்பிக்கிறார்களே என்று வாயைப் பிளந்து கேட்டுக்கொண்டிருந்தேன். அப்படியே கேட்டுக்கொண்டு இருந்திருக்கலாம். எனக்கும் வாய் சும்மா இருக்காது.

"பிரஜாவுரிமை விசயத்துல யாழ்ப்பாணத்துத் தலைவருங்கள்லயும் சில பேரு அரசாங்கத்துப் பக்கம் நின்னாங்க. உங்க வீட்ல அதப் பத்திப் பேசுவாங்களா?"

குத்திக்காட்ட நினைக்கவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டேன். அடுப்படியில் கரண்டிச் சத்தம் நின்றது. மாப்பிள்ளை தரையைப் பார்த்தார். போச்சு, கோழிக் குழம்பு முழுக்க நமக்குத்தான் என்று நினைத்துக்கொண்டேன்.

பெரியவர் என் பக்கம் திரும்பினார்.

"இல்லைப் பிள்ளை. கதைக்கிறேல்லை" என்றார். "அய்யா வேலையை விட்ட கதையை எத்தினையோ தரம் சொன்னவர். இதை ஒருநாளும் சொல்லேல்லை. நானும் கேக்கேல்லை. ஏன் கேக்கேல்லை எண்டு இப்பத்தான் யோசிக்கிறன். நீர் என்ன நினைக்கிறீர்?"

அன்றைக்கு அவர் என்னிடம் கேட்ட முதல் கேள்வி அதுதான். சமைப்பீரா, பாடுவீரா என்று கேட்பார் என நான் பதில்களை எல்லாம் தயாராக வைத்திருந்தேன்.

"தெரியலங்க. அதான் உங்ககிட்ட கேட்டேன்."

அவர் சத்தமாகச் சிரித்தார். எழுந்து சட்டைக் கையை மடித்தார். "உங்கட வழக்கத்தில சோறு திண்டால் ஓமெண்டு அர்த்தமாம். மகன் சொன்னவன். கை எங்க கழுவுறது?"

அப்பா பதறிப்போய் அவரைக் குழாயடிக்குக் கூட்டிக்கொண்டு போனார். பிறகு தானே கரண்டியை எடுத்துப் பரிமாற ஆரம்பித்தார். இரண்டாவது தரம் குழம்பு ஊற்றும்போது, "யோசிச்சுப் பாத்தா, அம்பத்தாறும் ஒரு காரணந்தாங்க" என்றார்.

"சீச்சீ, நாப்பத்தெட்டிலயிருந்தே எண்ணுவம்" என்றார் பெரியவர், வாயில் சோற்றோடு.

"எந்த வருசமா வேணா இருக்கட்டும், சோறு ஆறுது, மொதல்ல சாப்பிடுங்க" என்று அம்மா அதட்டினாள். முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டுதான் அதட்டினாள்.