அமைதிக்காரன் எபெர்

என் தங்கை சுல்மாவைக் கட்டிக்கொண்ட எபெர் பிஸானோவைப் பற்றி எழுத உட்கார்ந்தால் எனக்கு நல்ல வார்த்தை வருவதில்லை. முயன்று பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன். எங்கெங்கோ நாடுகளில் இருப்பவர்கள் அவன் இசையைப் போட்டுக்கொண்டு தூங்குகிறார்களாம், பரீட்சைக்குப் படிக்கிறார்களாம், கண்ணை மூடி மூச்சை எண்ணுகிறார்களாம். எண்ணட்டும். அவர்கள் யாரும் அவனோடு ஒரே வீட்டில் குடியிருந்ததில்லை.

எங்கள் மொந்தேவிதேயோ நகரத்தில், அதுவும் மேளத்துக்குப் பேர்போன பாரியோ சூர் பேட்டையில் பிறந்தவனுக்கு மேளம் கொட்டத் தெரியாமல் இருக்கலாம், குற்றமில்லை. தெரியாமலே கொட்டுவதுதான் குற்றம். இருபது வயதில் என் கணவர் கார்மெலோவின் மேளக் குழுவில் வந்து சேர்ந்தான். ஐம்பது பேர் மேளத்தைத் தோளில் மாட்டிக்கொண்டு ஒரே நடையாகக் கொட்டிப் போகும்போது, இவன் மட்டும் பஸ் பிடிக்கப் போகிறவன் மாதிரி முந்திக்கொண்டு ஓடுவான். இரண்டு கார்னிவல் திருவிழா பொறுத்துக்கொண்டார்கள். மூன்றாவது வருஷம் கையில் கொடியைக் கொடுத்தார்கள். அதையும் தாளம் தவறியே ஆட்டினான்.

பிறகு ஒரு மெத்தைக் கடையில் விற்பனையாளனாகச் சேர்ந்தான். ஞானம் பிறந்தது அங்கேதான். கடையின் பாட்டுப் பெட்டி கெட்டுப்போன ஒரு நாள், வீட்டில் பழைய கீபோர்டில் தானே வாசித்துப் பதிந்து வைத்திருந்ததைப் போட்டான். ஒரு கட்டையை அமுக்குவது, அது தேய்ந்து தேய்ந்து அடங்கும்வரை சும்மா இருப்பது, அப்புறம் இன்னொரு கட்டை. அவ்வளவுதான் அந்த இசை. மெத்தையைச் சோதிக்கப் படுத்த ஒரு வாடிக்கையாளர் குறட்டை விட்டுவிட்டார். தாளமே இல்லாத இசையில் யாராலும் தாளம் தப்ப முடியாது என்று எபெர் கண்டுகொண்ட நாள் அது.

ஒன்றை மறைக்கக் கூடாது. பல்வலியில் தவித்த ஒரு வாரம் நானும் அதைப் போட்டுக் கேட்டேன், தூங்கியும் போனேன். அதற்காக அவனை மன்னிக்க முடியுமா? மாத்திரை போட்டிருந்தாலும் தூங்கியிருப்பேன்.

அந்த இசையை இணையத்தில் ஏற்றிக் காசு வர ஆரம்பித்ததும், மெத்தைக் கடையை விட்டுவிட்டு வீட்டின் நடு அறையை ஒலிப்பதிவு அறையாக்கினான். அன்றைக்குப் பிடித்தது சுல்மாவுக்குச் சனி. கதவுக் கீல்களுக்கு எண்ணெய், அலமாரிக் கதவுகளுக்குத் துணி, நாற்காலிக் கால்களுக்கு ரப்பர். கெட்டிலின் விசில் பிடுங்கப்பட்டது. அவள் தண்ணீரைக் கொதிக்கவைத்து, குமிழி வருகிறதா என்று குனிந்து பார்த்துக்கொண்டே நிற்பாள். எங்கள் மூலிகைத் தேநீரான மாத்தேயைக் குடிக்கும்போது குழலில் கடைசியாக ஓர் உறிஞ்சல் சத்தம் வருமே, அதுவும் கூடாது என்று கடைசி வாயை மிச்சம் வைக்கச் சொன்னான். எங்கள் ஊரில் ஒருத்தியைப் பார்த்து அப்படிச் சொல்ல எவ்வளவு நெஞ்சழுத்தம் வேண்டும்!

அவள் சிரித்தால் தெருமுனைவரை கேட்கும். அந்தச் சுல்மா என் வீட்டுக்கு வந்தாலும் கிசுகிசுப்பாகவே பேச ஆரம்பித்தாள்.

"அக்கா, உப்பு கொஞ்சம் குடேன்."

"ஏன்டி, இங்க எவன் ரெக்கார்டு பண்றான்? வாயத் தொறந்து கேளு."

"பழகிப்போச்சுக்கா."

ஆறு வருஷம் அப்படிப் போனது. வாரத்தில் ஒரே ஒரு மணி நேரம்தான் அவளுக்கு விடுதலை. ஞாயிறு மாலை முனையில் தீ மூட்டி, மேளத் தோலைச் சூடு காட்டி இறுக்கி, குழு எங்கள் தெரு வழியாகக் கொட்டிக்கொண்டு போகும். அந்த நேரம் எபெரால் எதையும் பதிய முடியாது, காதில் பஞ்சை அடைத்துக்கொண்டு படுத்துவிடுவான். சுல்மா அந்த வாரத்துச் சத்தம் முழுவதையும் அப்போது செய்து முடிப்பாள். மிலனேசா பொரிக்க இறைச்சியைச் சுத்தியலால் அடிப்பாள், நாற்காலியை இழுப்பாள், மிக்ஸியை ஓடவிடுவாள், வாய்விட்டுப் பாடுவாள். நான் எதிர்வீட்டுப் பால்கனியிலிருந்து பார்த்துக்கொண்டே நிற்பேன்.

அந்த ஒரு மணி நேரத்தையும் பிடுங்கத்தான் எபெர் நகராட்சிக்குப் புகார் எழுதினான். மேளத்தால் தன் தொழில் நாசமாகிறதாம், குழு வேறு தெரு வழியாகப் போகவேண்டுமாம். வருகிற ஞாயிறு ஆள் வந்து சத்தத்தை அளப்பார்கள் என்று பதில் வந்தது. சுல்மா சாலையைத் தாண்டி ஓடிவந்தாள்.

"அக்கா, நீ கூட இரு. எனக்கு அந்த ஒரு மணி நேரமும் போயிடும்போல இருக்கு."

அந்த ஞாயிறு நானும் அவள் வீட்டில் போய் உட்கார்ந்தேன். மதியத்திலிருந்தே மழை. மழையில் மேளம் கிளம்பாது என்பது எங்கள் பேட்டையில் பால் குடிக்கிற பிள்ளைக்கும் தெரியும். எபெருக்கு மட்டும் அது தோன்றவே இல்லை. வெள்ளைச் சட்டையில், கோயில் பூசாரிபோல ஜன்னலைத் திறந்து வைத்து நின்றான். நகராட்சியிலிருந்து வந்தவள் முப்பது வயதுப் பெண், பேர் தமாரா. சொட்டச் சொட்ட நனைந்து வந்தவள் முதலில் மாத்தேவுக்கு வெந்நீர் கேட்டாள், பிறகு அளவுக் கருவியை மேஜைமேல் வைத்தாள்.

அரை மணி ஆயிற்று. மழைதான் பெய்தது.

"சார், மேளம் எங்க? நான் இன்னும் ரெண்டு வீட்டுக்குப் போகணும்."

"இப்ப வந்துடுவாங்க. ஒரு நிமிஷம் இருங்க" என்று சொல்லிவிட்டு எபெர் மழையில் இறங்கி ஓடினான். முனைக் கடையில் சீட்டாடிக்கொண்டிருந்த கார்மெலோ பிறகு இதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்.

"வாங்க சகல. வழி தவறி வந்துட்டீங்களா?"

"ஒரு பத்து நிமிஷம் கொட்டுங்க. அளக்க ஆள் வந்திருக்காங்க."

"எங்க மேல புகார் குடுக்க நாங்களே வந்து கொட்டணுமா? நல்லா இருக்கே நியாயம்."

"அஞ்சு நிமிஷமாவது."

"தோலு துவண்டு கெடக்கு சகல. மழையில தீய எங்க மூட்ட? ரெண்டு வருஷம் எங்களோட திரிஞ்சீங்களே, இதுகூடவா மண்டையில ஏறல?"

கடையே சிரித்ததாம். தெப்பமாக நனைந்து வீடு திரும்பிய எபெர் நேராக ஜன்னலுக்குப் போனான். அமைதியை விற்றுப் பிழைக்கும் அந்த மனுஷன் தெருவைப் பார்த்துக் கத்தினான் பாருங்கள், அவன் தொண்டையில் அப்படி ஒரு குரல் இருந்தது யாருக்கும் தெரியாது. கார்மெலோவின் அம்மாவை இழுத்தான், மழையைத் திட்டினான். கையில் பிடித்திருந்த தட்டைத் தவறவிட்ட சுல்மாவை "சத்தம் போடாதடி" என்று அலறினான். கருவி வேலை செய்துகொண்டேதான் இருந்தது.

தமாரா எழுந்து எண்ணைப் பார்த்தாள்.

"தொண்ணூத்தி ரெண்டு டெசிபெல். இன்னிக்கு இதுதான் அதிகம் சார். எழுதிக்கிறேன்."

"அது நான் பேசினதும்மா."

"யாரு பேசினாலும் கருவிக்கு ஒண்ணுதான்." புகார்க் காகிதத்தைத் திருப்பிச் சுல்மா பக்கம் தள்ளினாள். "வீட்டுல இருக்கற எல்லாரும் சொல்லணும். உங்களுக்குத் தொல்லை எதும்மா?"

சுல்மா ஏதோ சொன்னாள். உதடு அசைந்தது.

"காதுல விழல. கொஞ்சம் சத்தமா."

என் தங்கை எபெரைப் பார்த்தாள். வாயை மூடிக்கொண்டு கையெழுத்துப் போட்டுவிடுவாளோ என்று பயந்தேன்.

"மேளம் எனக்குத் தொல்லை இல்ல" என்றாள், பக்கத்து வீட்டுக்குக் கேட்கும்படி. "இவருதான் தொல்லை. அப்படியே எழுதுங்க."

தமாரா அப்படியே எழுதினாள். புகார் அந்த வாரமே தள்ளுபடி ஆனது. சுல்மா ஒரு பெட்டியோடு என் வீட்டுக்கு வந்துவிட்டாள்.

எபெர் திருந்தினான் என்று யாராவது நினைத்தால் அவனைத் தெரியாதவர்கள். ஒரு மாதம் கழித்துப் புதிதாக ஒன்றை வெளியிட்டான். ஒரு மணி நேரம், பேர் "சுல்மா". மனைவி போன பிறகு வீட்டில் மிஞ்சிய வெறுமையாம். கட்டைகூட அமுக்கவில்லை, சும்மா ஒரு முனகல், அவ்வளவே. கேட்டு அழுதேன் என்று ஊர் பேர் தெரியாதவர்கள் நூறு நூறாக எழுதியிருந்தார்கள். அவன் இதுவரை செய்ததில் இதுதான் உயர்ந்ததாம்.

எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. சுல்மாவைக் கூப்பிட்டு உட்காரவைத்துப் போட்டுக் காட்டினேன். அவள் பத்து நொடிகூடக் கேட்கவில்லை.

"அக்கா, இது எங்க ஃபிரிட்ஜு. மோட்டார் பழுதாயிருக்குன்னு ரெண்டு வருஷமா அவர்ட்ட சொன்னேன்." அதை நிறுத்தினாள். "மெதுவாத்தான் சொன்னேன்."