குங்குமம் வைத்த சக்கரம்

ஹேவாஹெட்ட பக்கம் மூடிக்கிடந்த வெள்ளைக்காரன் காலத்துத் தேயிலை ஆலையைப் பழமை கெடாமல் திருத்தும் வேலைக்கு நான் மேற்பார்வை. பழைய இரும்புக்குப் போகவேண்டிய தகரம், குழாய் எல்லாவற்றிலும் சிவப்புப் பெயிண்டால் புள்ளி வைத்திருந்தேன். லொறி வந்த அன்று கண்டியில் இருந்தபடியே போனில், "சிவப்புப் புள்ளி உள்ளதை எல்லாம் ஏத்துங்க" என்றேன். நேரில் போகச் சோம்பல்.

பின்னேரம் போனால், துப்புரவாக்கக் கழற்றி வைத்திருந்த பெரிய இரும்புச் சக்கரத்தைக் காணவில்லை. அந்த ஆலையில் மிஞ்சியிருந்த ஒரே பழைய இயந்திரத்தின் சக்கரம் அது.

காவல்காரர் செல்லையா அண்ணன் திகைத்தார். "நேத்து ஆயுத பூசைங்க. ஆலை மூடினாலும் மெசினைக் காக்கிற ரோதமுனி சாமிக்குப் பூசை போடாம விடுவோமா? சக்கரத்துக்குக் குங்குமம் வச்சோம். நீங்கதான் ஏத்தச் சொன்னீங்கன்னு லொறிக்காரங்க சொன்னாங்க, அதான் நான் தடுக்கல."

அவரையும் ஏற்றிக்கொண்டு, லொறி போன கட்டுகஸ்தோட்டைப் பழைய இரும்புக் கடைக்குப் பறந்தேன். முதலாளி, வயதான முஸ்லிம் மனிதர், ஒன்றும் கேட்காமல் ஒரு மூலையில் மூடியிருந்த படங்கை விலக்கினார். சக்கரம் முழுதாக இருந்தது.

"பொடியன்மார் வெட்டத்தான் போனாங்க, நான் நிப்பாட்டினேன். பூவும் பொட்டுமா இருக்கிற சாமானை யாரு தம்பி மனசறிஞ்சு இரும்புக்குப் போடுவாங்க? தேடி வருவீங்கன்னு தெரியும்."

செல்லையா அண்ணன் சக்கரத்தைத் தொட்டுக் கும்பிட்டார்.

சக்கரத்தில் வருடக்கணக்காகப் படிந்திருந்த குங்குமத்தை, சுரண்ட வேண்டிய கறை என்று கோப்பில் எழுதியிருந்தவன் நான். மறுநாள் முதல் வேலையாக அந்த வரியை வெட்டினேன்.