என்னிடம் பொய் சொன்ன செலின் அக்கா

செய்தி வந்தபோது என் கை தோள்வரை ஒரு பசுவுக்குள் இருந்தது. ஆவடிப் பக்கம் நான் பயிற்சிக்குப் போகும் கால்நடை மருத்துவமனையில் சினைப் பரிசோதனை. கைப்பேசி விடாமல் அடிக்க, தோழி எடுத்து என் காதில் வைத்தாள். செலின் அக்காவின் அப்பா. "செலினு போயிட்டாம்மா. அவளே முடிச்சிக்கினா," என்றார். கையை எடுக்கக்கூடத் தோன்றாமல் நின்றேன்.

செலின் அக்கா மேனாம்பேட்டுக்காரர். தொழிற்பேட்டையில் லேத் ஓட்டியவரின் மகள். கல்லூரி விடுதியில் எனக்கு அறைத்தோழி, சில ஆண்டு மூத்தவர். முதலாண்டு உடற்கூறியலில் தோற்று நான் பெட்டி கட்டியபோது, அந்தப் பெட்டிமேலேயே ஏறி உட்கார்ந்துகொண்டார். "எலும்பு பேரு மறந்துட்டன்னு மாடு ஒண்ணும் கோச்சுக்காது. நீ மறுபடி எழுதறேன்னு சொல்ற வரைக்கும் நான் எந்திரிக்க மாட்டேன்," என்றார். எழுதினேன், தேறினேன்.

பிறகு பாரிவாக்கத்தில் ஒரு கால்நடை மருத்துவ முகாம். மெலிந்த மாட்டை ஓட்டிவந்த ஒருவர், நல்லாத்தான் துன்னுது என்று அடித்துச் சொன்னார். காலையில் என்ன தின்றது, எவ்வளவு மிச்சம் வைத்தது என்று அக்கா கேட்டதும் மனிதர் திருதிருவென்று முழித்தார். திரும்பும் பஸ்ஸில் அக்கா சொன்னார்: "சாப்ட்டியான்னு கேட்டா எல்லாரும் ஆமான்னுதான் சொல்லுவாங்க. இன்னா சாப்ட்டேன்னு கேளு. அங்க மாட்டிக்குவாங்க."

அன்றிலிருந்து எங்கள் விடுதியில் அதுவே வழக்கமானது. வைவா தேர்வுக்கு முன்னால், அரியர் விழுந்த பிறகு, யார் முகம் வாடினாலும் அந்தக் கேள்வி வரும். பதில் தடுமாறினால் அக்கா அவளைத் தனியாக விடமாட்டார். மெஸ்ஸுக்கு இழுத்துப்போய்த் தட்டு காலியாகும்வரை கதை பேசுவார். தேவைப்பட்டால் மனநல மருத்துவரிடமும் அவரே கூட்டிப்போவார். மாட்டுக்கு ஜுரம் என்றால் ஊசி போடுகிறோம், நமக்கு வந்தால் மட்டும் என்ன வெட்கம் என்பார்.

முதுநிலைப் படிப்புக்கு வீட்டிலிருந்தே போய்வந்தார். தினமும் போனில் நானும் அதையே கேட்டேன். புளிசோறு, உருளைக்கிழங்கு வறுவல் என்பார். ஒருநாள் மீன் குழம்பில் உப்பு தூக்கல் என்று அம்மாவைக் குறைகூடச் சொன்னார். நான் சிரித்தேன்.

அடக்கத்தன்றுதான் அவருடைய அம்மா சொல்லித் தெரிந்தது, அந்தக் கடைசி மாதம் முழுக்க அக்கா தட்டைத் தொட்டதே அரிது என்று. ஆய்வேட்டை வழிகாட்டி மறுபடி மறுபடி திருப்பி அனுப்பியதையோ, அக்கா லேப்புக்குப் போவதையே நிறுத்திவிட்டதையோ என்னிடம் மூச்சுவிடவில்லை. உப்பு தூக்கல் என்று வேறு சொன்னாரே, பாவி மனுஷி! கேள்வியைக் கண்டுபிடித்தவருக்கு அதை ஏமாற்றவும் தெரிந்திருக்கிறது. அழுகையைவிட எனக்கு ஆத்திரம்தான் அதிகமாக வருகிறது.

அது போதாதென்று கல்லூரி வேறு. இரங்கல் கூட்டத்தில் 'திடீர் உடல்நலக் குறைவு' என்று மட்டும் என்னைப் பேசச் சொன்னார்கள், மாணவர்கள் பயந்துவிடுவார்களாம். முன்வரிசையில் அக்கா கைபிடித்து மருத்துவரிடம் கூட்டிப்போன பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். வெட்கப்படாதே, வாய்விட்டுச் சொல் என்று அவர்களுக்குச் சொன்னவரையே மூடி மறைத்தால், இனி அவர்களில் யார் வாய் திறப்பார்கள்? உண்மையைச் சொல்லட்டுமா என்று அக்காவின் அப்பாவிடம் போய்க் கேட்டேன்.

"சொல்லிடும்மா," என்றார். "எம் பொண்ணு இன்னா, திருடிக்கினா போனா?"

மேடையேறிச் சொன்னேன். செலின் அக்காவின் மனம் நோயுற்றிருந்தது, எங்களிடம் மறைத்தார், சொல்லியிருந்தால் ஓடிப்போயிருப்போம் என்றேன். மேடையில் இருந்த பெரியவர்கள் என் முகத்தைப் பார்க்கவில்லை.

கீழே இறங்கியதும் இரண்டாம் ஆண்டுப் பெண் ஒருத்தி வந்து பக்கத்தில் நின்றாள். துப்பட்டாவை முறுக்கியபடி, "அக்கா, எனக்கும் ரொம்ப நாளா முடியல," என்றாள். மனநல மருத்துவரிடம் போக வாசலில் ஆட்டோ பிடித்தேன். வழி முழுக்க என் தோளில் சாய்ந்தபடி வந்தாள்.

போய் வாருங்கள், செலின் அக்கா. உங்களை நான் இன்னும் மன்னிக்கவில்லை. இப்படித்தான் உங்களையும் ஆட்டோவில் ஏற்றிக் கூட்டிப்போயிருப்பேன்.