லாரியில் ஏறிய நரி

நாமக்கல் பக்கத்துக்கு யாராவது நரியை அனுப்புவார்களா? பின்லாந்துக் குழந்தைகள் அனுப்பினார்கள். ஊரைச் சுற்றிக் கோழிப்பண்ணை என்பது அவர்களுக்கு எப்படித் தெரியும்? பொட்டலத்தைப் பிரித்ததும் ஆரஞ்சு நிறக் கம்பளி நரி ஒன்று வாலைச் சுருட்டிக்கொண்டு வெளியே வந்தது. முதல் பெஞ்சிலிருந்து ஒரு குரல் கேட்டது.

"மிஸ், பண்ணைக்காரங்க கண்ணுல மட்டும் காட்டிராதீங்க. அடிச்சே கொன்னுபோடுவாங்க."

நான் உண்மையில் மிஸ் இல்லை. வீட்டிலிருந்தே மென்பொருள் சோதிக்கும் வேலை பார்ப்பவள். பள்ளிக்கு அடுத்த தெருவில் என் வீடு. எட்டாம் வகுப்பும் பின்லாந்தில் ஒரு சிற்றூர்ப் பள்ளியும் இணையத்தில் சேர்ந்து படிக்கும் திட்டம் தொடங்கியபோது, மைக்கையும் கேமராவையும் ஒரே நேரத்தில் வேலை செய்ய வைக்க ஆள் தேடினார் தலைமை ஆசிரியை. போனேன். அன்றே மிஸ் ஆனேன்.

திட்டத்தின் தலைப்பு 'எங்கள் குடும்பத்தின் ஒரு நாள்'. நரி ஒவ்வொரு வீட்டுக்கும் விருந்தாளியாகப் போகும். குடும்பம் முழுவதும் அதோடு நின்று ஒரு படம் எடுத்து, இரண்டு பள்ளிகளுக்கும் பொதுவான இணையப் பக்கத்தில் தங்கள் கட்டத்தில் போட வேண்டும். எல்லாக் கட்டமும் நிரம்பிய பிறகு நரி வேறொரு நாட்டுப் பள்ளிக்குப் போகும். நாங்கள் அனுப்பிய துணி யானை ஏற்கெனவே அங்கே பனியில் சறுக்கிக்கொண்டிருந்தது.

பட்டியல் போடாமல் என்னால் காய்கறி வாங்கக்கூட முடியாது. நரிக்கும் விதிகள் எழுதினேன். நனைக்கக் கூடாது. நாய்க்கு எட்டும்படி வைக்கக் கூடாது. பொட்டு வைக்கக் கூடாது. வீட்டில் ஒவ்வொருவரோடும் அது கொஞ்ச நேரமாவது இருக்க வேண்டும். மூன்றாவது விதி முதல் வீட்டிலேயே மீறப்பட்டது. நரி மறுநாள் குங்குமத்தோடு வந்தது.

கடைசி முறை ஒரு லாரி ஓட்டுநரின் மகளுடையது. அவள் திங்கட்கிழமை வெறுங்கையோடு வந்து நின்றாள்.

"நரி எங்கே?"

"ஐதராபாத் தாண்டிருச்சுங்க மிஸ்."

வகுப்பு சிரித்தது. அவள் சிரிக்கவில்லை.

"எல்லார்த்துகூடயும் இருக்கோணும்னு நீங்கதானுங்களே எழுதுனீங்க? அம்மாகூட இருந்துச்சு, தம்பிகூட இருந்துச்சு. அப்பா மட்டும் பாக்கி. சங்ககிரில லோடு ஏத்திட்டுப் பொழுதோட வந்துருவேன்னாருங்க. அதான் குடுத்துவுட்டேன். ஏத்துன லோடு நாக்பூருக்குங்க. அப்படியே போய்ட்டாரு."

சோதனை வேலை பார்ப்பவர்களுக்குத் தெரியும், விதியை மீறுபவர்கள் தொந்தரவே இல்லை. விதியை அப்படியே பின்பற்றுபவர்தான் அதில் உள்ள ஓட்டையைக் காட்டுவார். அவளை நான் எப்படித் திட்டுவது? மூன்று நாள் கழித்து அவளுடைய அப்பா போனில் கிடைத்தார்.

"நரி பத்திரமா இருக்குங்களா?"

"ஜம்முன்னு இருக்குதுங்க மேடம். கேபின்ல நான் படுக்கற எடத்துக்கு நேரா தொங்கவுட்டிருக்கேன். கண்ணு முழிச்சா அது மூஞ்சிதானுங்க. நேத்து முழிச்சேன், எறக்குன எடத்துலயே ராய்ப்பூருக்கு லோடு! எப்பவும் ரெண்டு மூணு நாள் காத்துக் கெடக்கோணுமுங்க."

நரி முகத்தில் விழித்தால் யோகம் என்பது எங்கள் பக்கத்தில் வெறும் சொலவடை இல்லை. வாழப்பாடிப் பக்கம் பொங்கலுக்கு உண்மையான நரியையே பிடித்துவந்து ஊர் முழுக்க முகம் பார்ப்பார்கள். இப்போது அதற்குத் தடை.

"அது பொம்மைங்க."

"பொம்மையா இருந்தா என்னுங்க? மூஞ்சி நரி மூஞ்சிதானுங்களே."



சிக்கல் என்னவென்றால், நரி தன் வேலையை மிக நன்றாகச் செய்தது. ராய்ப்பூரில் இறக்கியதும் கொல்கத்தாவுக்கு லோடு. யோகம் கூடக் கூட லாரி எங்களைவிட்டு விலகிப் போனது. அப்பா போய்ச்சேரும் இடத்தையெல்லாம் மகள் பொதுப் பக்கத்தின் வரைபடத்தில் குறித்தாள். பின்லாந்துக் குழந்தைகள் ஒவ்வொரு ஊரையும் தேடிப் படித்து அதன் கீழே எழுதினார்கள். எங்கள் வகுப்பும் போட்டிக்கு எழுதியது. தலைமை ஆசிரியைக்கு ஒரே மகிழ்ச்சி. ஆனால் மகளுடைய கட்டம் மட்டும் காலியாகவே கிடந்தது. அதைத் திறந்து திறந்து மூடுவாள்.

"வெட்டி ஒட்டிப் படத்துல அப்பாவைச் சேத்துரலாம்டி" என்றாள் முதல் பெஞ்சுக்காரி.

"உங்கப்பாவை வேணா ஒட்டிக்க. எங்கப்பா நெசமாலுமே வருவாரு."

அடுத்த காணொளிச் சந்திப்பில் நரி எங்கே என்று பின்லாந்து கேட்டது. எங்களுக்கும் ஆங்கிலம் இரவல், அவர்களுக்கும் இரவல். ஆகவே இரண்டு பக்கமும் கூச்சமில்லை. அவள் எழுந்து நரி முகக் கதை முழுவதையும் சொன்னாள். அப்பாவைப் போனில் பிடித்துத் திரையில் சேர்த்தேன். கொல்கத்தாவுக்கு வெளியே ஒரு சாலையோரத்தில் லாரி நின்றிருந்தது. அவர் நரியை எடுத்துக் காட்டினார். ஆரஞ்சு நிறம் ஏறக்குறையக் காப்பி நிறமாகியிருந்தது. கழுத்தில் எலுமிச்சையும் மிளகாயும். அந்தப் பக்கம் கைதட்டல் ஓயவே இல்லை.

பிறகு கண்ணாடி போட்ட ஒரு சிறுவன் நிதானமாகக் கேட்டான். "நரியைப் பார்த்தால் லோடு வருகிறது. சரி. லோடு வேண்டாம் என்றால் என்ன செய்வீர்கள்?"

எங்கள் பக்கம் எல்லோரும் சிரித்தார்கள். வேண்டாம் என்று எந்த லாரிக்காரர் சொல்வார்? அவள் மட்டும் அந்தப் பையனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்பா, எப்பங்க வாரீங்க?" என்று கடைசியாகக் கேட்டாள்.

"வாரேன் சாமி. நம்மூருப் பக்கம் ஒரு லோடு கெடைக்கட்டும்."

விஜயவாடா வழியாகச் சேலத்துக்கு ஒரு லோடு கிடைத்தது. லாரி ஒரு ஞாயிற்றுக்கிழமை வீடு சேர்ந்தது. அன்று மாலையே படம் வந்தது. அம்மா, தம்பி, அவள், குளித்துத் தலை வாரிய அப்பா, எல்லோரும் கேமராவைப் பார்த்துச் சிரிக்கிறார்கள். நடுவில் ஸ்டூல் மேல் நரி. அது மட்டும் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறது. தெரிவது முதுகும் வாலும்தான்.

போன் போட்டேன். "நரி முகமே தெரியலையே? திருப்பி வெச்சு இன்னொண்ணு எடுக்கறயா?"

"வேண்டாமுங்க மிஸ்."

"ஏன்?"

குரலைத் தாழ்த்தினாள். பின்னால் அவள் அப்பா யாரிடமோ சத்தமாகச் சிரித்துப் பேசுவது கேட்டது.

"அந்தப் பையன் கேட்டானில்லீங்க, லோடு வேண்டாம்னா என்ன பண்ணுவீங்கன்னு? இதான் பண்ணுவோமுன்னு எழுதிருங்க. புதங்கெழமை நீங்க அதைப் பார்சல் போடற வரைக்கும் அது செவுத்தையே பாக்கட்டும்."

படத்தை அப்படியே கட்டத்தில் போட்டேன்.