அம்மன் காட்டிக்கொடுத்த பூஜ்யம்

அம்மனை நம்பும் உங்களிடம் என் தப்பையும் சேர்த்தே சொல்கிறேன்.

1997, மழை தொடங்கிய வாரம். அடையாறில் ஒரு சிறிய ஆய்வு அலுவலகத்தில் கணினிக் கணக்கு என் பொறுப்பு. நொச்சிக்குப்பத்துக் குழந்தைகளின் எடை தேறிவிட்டது, பால் மையத்தை மூடலாம் என்று எங்கள் அறிக்கை சொன்னது. கணக்கில் எவ்வளவு பிழை இருக்கலாம் என்ற கட்டத்தில் பூஜ்யம்! நாங்கள் எடை பார்க்கப் போனது மீன் ஏல நேரம். பல தாய்மார்கள் பிள்ளைகளோடு கரைக்குப் போய்விட்டார்கள். விடுபட்ட எடைகளைக் கணினி ஊகித்து நிரப்பியது, ஐந்து முறை, ஐந்து கோப்புகளாக. அந்த ஐந்தும் ஒன்றுக்கொன்று எவ்வளவு மாறுகின்றன என்பதில்தான் ஊகத்தின் பிழை தெரியும். ஊகத்தில் பிழையே இல்லாமல் போகுமா?

"ஜீரோ எரர்னா நல்லதுதானேம்மா? பேசாம அனுப்பிடு" என்றார் இயக்குநர்.

மையத்தை மூடப்போகிறார்கள் என்று கேள்விப்பட்ட குப்பத்துத் தாய் கன்னியம்மா என் கையைப் பிடித்துக்கொண்டாள். "மூடிட்டா எம் புள்ளைக்கு இன்னாத்த குடுப்பேன், சொல்லு?"

அந்தப் பூஜ்யம் எங்கிருந்து வந்தது என்று மூன்று நாள் தேடினேன். அழுதேன். வெள்ளிக்கிழமை மயிலாப்பூரில் அம்மன் முன்னால் சண்டைக்கே நின்றேன். "காட்டாமல் வீட்டுக்குப் போகமாட்டேன்" என்றேன். வழக்கம்போல் கொடிமரத்தில் தொடங்கிப் பிரகாரம் சுற்றினேன். ஐந்தாவது சுற்றில் கால் நின்றுவிட்டது. புறப்பட்ட இடம் ஒன்று, வழி ஒன்று, வந்து சேர்ந்த இடமும் ஒன்று.

என் கோப்புகளும் அப்படித்தானே! ஊகத்தைத் தொடங்க ஒவ்வொரு முறையும் கணினிக்கு வேறு எண் கொடுக்க வேண்டும். நான் பக்தியில் ஐந்து முறையும் 108 என்றே கொடுத்திருந்தேன். ஐந்தும் ஒரே கோப்பு, வித்தியாசமே இல்லை. என் கையில் தப்பு வராது என்ற கர்வம் போனதும் இன்னொன்றும் கண்ணில் பட்டது. சில குழந்தைகளை வைத்தே எல்லோரையும் கணிப்பதால் ஒவ்வொரு கோப்புக்கும் உள்ள சொந்தப் பிழையைச் சேர்க்கும் வரியை நான் எழுதவே இல்லை.

திருத்தினேன். பிழை பெரிதாக வந்தது. குழந்தைகள் தேறிவிட்டார்கள் என்று சொல்லவே முடியாது.

"உனக்கு வேலை வேணுமா வேண்டாமா?" என்று இயக்குநர் கத்தினார்.

"வேணும் சார். ஆனா பழைய அறிக்கையில கையெழுத்து போடமாட்டேன்."

அறிக்கை நின்றது. ஏலம் முடிந்த நேரமாகப் பார்த்துப் போய், விடுபட்ட குழந்தைகளை நேரிலேயே எடை போட்டோம். பலருக்கு விலா எலும்பு தெரிந்தது. மையத்தை மூடவில்லை.

தாயே, உனக்குக் கோடி நன்றி. கோயிலைச் சுற்றினால் கணக்கு வருமா என்று சிலர் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும், எனக்கு வந்தது. இப்போதெல்லாம் என்னைக் காப்பாற்று என்று வேண்டுவதில்லை, நான் எங்கே தப்பு செய்தேன் என்று காட்டு என்றே வேண்டுகிறேன். நீங்களும் அவளிடம் போங்கள். சண்டை போட்டாவது கேளுங்கள். அவள் காட்டிவிட்டால் மட்டும், வேலையே போனாலும் அதை மறைக்காதீர்கள்.