பச்சை விளக்கு

சந்தேகப்படுவதுதான் அவருக்குத் தொழில். ஆலைக் கணினிகளுக்குள் வாட்ச்டாக் என்று ஒரு சின்னக் கடிகாரம் இருக்கும். கணினியை நடத்தும் நிரல், சில நொடிக்கொரு தடவை அதற்குக் குரல் கொடுக்க வேண்டும். குரல் வராவிட்டால் நிரல் உறைந்துவிட்டது என்று பொருள். கடிகாரம் கணினியை அணைத்து மறுபடி எழுப்பிவிடும். அதை இயக்கும் டிரைவர் நிரல்களை எழுதியே அவருக்குத் தலை நரைத்தது. வீட்டிலும் அதே புத்திதான். மனைவி குளியலறையில் பத்து நிமிடம் தாண்டினால் கதவைத் தட்டுவார்.

மனைவியின் அண்ணனுக்குக் கொதிகலன் அறையில் வேலை. "இங்க கம்ப்யூட்டர் சும்மா சும்மா ரீஸ்டார்ட் ஆவுது மாப்ள. என் தலைதான் உருளுது, ஏதாவது பண்ணுங்க" என்று உயிரை எடுத்தார். நச்சரிப்பு தாங்காமல், குரல் கொடுக்கும் வேலையை நிரலிடமிருந்து பிடுங்கி, தனியாக ஓடும் இரண்டு வரி நிரலிடம் கொடுத்தார் இவர். அப்படிச் செய்யக்கூடாது என்று ஊருக்கெல்லாம் சொன்னவர்.

எட்டு மாதம் கழித்து அங்கே போனபோது மச்சான் முகமெல்லாம் பல்லாக நின்றார். "அப்புறம் ஒரு தடவகூட ரீஸ்டார்ட் ஆகல. உங்க கைராசி!"

திரையில் கொதிகலனின் வெப்பம் நூற்று எண்பத்திரண்டு. திரை மூலையில் மணி ஒன்பது பத்து. அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பன்னிரண்டரை.

"காலையிலேர்ந்து ஒரு புள்ளி அசையல பாருங்க" என்றார் மச்சான், பெருமையாக.

கொதிகலன் மேல் பூசியிருந்த பெயின்ட் கொப்புளித்துக்கொண்டிருந்தது. கணினியில் வாட்ச்டாக்கின் பச்சை விளக்கு நிதானமாகக் கண்சிமிட்டியது. அதற்குள் உயிரோடு இருந்தது அவருடைய அந்த இரண்டு வரி மட்டும்தான்.